முற்றத்துக்கு ஒரு கேஸ் கணப்பு

தீக்குச்சி உரசும்போது எனக்கு வயிறு இழுத்துப் பிடிக்கும். கோவில்பட்டியில் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் பாதிப் பேர் தீப்பெட்டியை நம்பிச் சாப்பிடுகிறவர்கள். நான் அடுப்பை நம்பிச் சாப்பிட்டேன். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் கேஸ் அடுப்பு பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன்.

பயம் தொழிலோடு வந்தது. வேலை பழகிய காலத்தில் கயத்தாற்றில் ஒரு டீக்கடை அடுப்பைச் சரி பார்க்கப் போனபோது, டியூப் கழன்று, பற்றவைத்த தீ என் முகத்தின் மேல் ஏறியது. புருவம் இரண்டும் கருகின. வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு அடுப்பையும் பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொள்வேன். வாடிக்கையாளர்கள் அதை நிதானம் என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஐப்பசி மாதம், மழை பெய்து விட்டிருந்த காலையில், வயதான கணவனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். கணவர் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம். பிள்ளைகள் வெளிநாட்டில். எட்டயபுரம் சாலையில் ஒரு வீடு வாங்கி, பின்னால் பெரிய முற்றத்தோடு குடியேறியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு கையில் குடைக்கம்பு, இன்னொரு கையில் மடித்த காகிதம்.

காகிதத்தை விரித்து மேசையில் வைத்தார். மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ஏதோ புத்தகத்தில் இருந்து வெட்டிய பக்கம். இரண்டு படங்கள். ஒன்றில் இரும்பு மேஜை போன்ற ஒன்றின் நடுவில் தீ எரிந்தது. இன்னொன்றில் தரையில் ஒரு வட்டக் குழி, அதில் தீ, சுற்றிலும் நாற்காலிகளில் ஆட்கள்.

"இதை நீங்க செஞ்சு தர முடியுமா தம்பி?"

எனக்கு முதலில் புரியவில்லை. "குளிர் காயவாம்மா? நம்ம ஊருலயா?"

"சிரிக்காதீங்க. நானும் இந்த மண்ணுதான். ஆனா முப்பது வருசமா சாயங்காலம் ஆனா கணப்புக்கு முன்னால உக்காந்தே பழகிட்டேன். இங்கன வந்த பிறகு பொழுது அடையுதே தவிர, நாள் முடிஞ்ச மாதிரியே இல்ல."

கணவர் மெதுவாக இருமினார். "விறகு வச்சா எனக்கு இழுப்பு வந்துருது. புகை ஆகாது. அதான் கேஸ்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி ஒன்றை நான் செய்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி இறங்கும். அதனால் குழி வேண்டாம், மேஜைதான் நல்லது என்று என் வயிறு சொன்னது.

"மேஜை மாதிரி செஞ்சிரலாம்மா," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. விரலைக் குழிப் படத்தின் மேல் வைத்தார். "எஸ்டேட் கிளப்புல இப்படித்தான் இருக்கும். காலை நீட்டி உக்காரலாம். மேஜைன்னா எனக்கு ஓட்டல்ல இருக்குத மாதிரி இருக்கும். குழியில செய்ய முடியாதா? உங்களுக்குத் தெரியாதுன்னா சொல்லுங்க, மதுரையில கேட்டுப் பாக்கோம்."

உங்களுக்குத் தெரியாதுன்னா சொல்லுங்க. அந்த இடத்தில் நான் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கேஸ் பள்ளத்தில் தங்கும் என்பதையாவது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து ஹார்டுவேர் கடை அண்ணாச்சி வேறு படத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியும்மா. குழியிலயே செஞ்சிருவோம்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. கொத்தனார் முழங்கால் ஆழத்துக்கு வட்டமாகக் குழி எடுத்து, செங்கல் வைத்துப் பூசினார். டீக்கடை அடுப்பில் வைக்கும் பெரிய வார்ப்பிரும்பு பர்னரை நடுவில் பொருத்தி, மேலே கூழாங்கற்களைப் பரப்பினேன். சிலிண்டர் குளியலறைச் சுவரை ஒட்டி, பன்னிரண்டடி தள்ளி. அந்த அம்மா கம்பு ஊன்றி நடக்கிறவர், டியூப் தரையில் கிடந்தால் தடுக்கும் என்று இரும்புக் குழாயை மண்ணுக்குள் புதைத்தேன். ஒரே நீளத்தில் குழாய் கிடைக்கவில்லை. இரண்டு துண்டை நடுவில் ஒரு இணைப்புப் போட்டு முறுக்கினேன். மழையில் ஊறிய கரிசல் மண் பசை மாதிரி குழாயைக் கவ்விக்கொண்டது.

முதல் நாள் பற்றவைத்தது நான்தான். நீண்ட குச்சியில் துணி சுற்றி, அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, மூச்சை அடக்கி நீட்டினேன். பொப் என்று ஒரு சத்தம். கற்களுக்கு இடையில் தீ எழுந்து வட்டமாக நின்றது. அந்த அம்மா கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். கணவர் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். மலைத் தேயிலை, நல்ல மணம். நான் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் இப்படி இருக்கீய? உடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

"ஒரு வேலை செஞ்சிருக்கேன். சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். கார்த்திகையும் மார்கழியும் அந்தத் தெரு வழியாகப் போக ஏதாவது காரணம் தேடிக்கொண்டேன். பர்னரைத் துடைக்க வந்தேன் என்பேன், ரெகுலேட்டரைப் பார்க்க வந்தேன் என்பேன். வெளியில் தெரியும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பேன். வராது. நிம்மதியாகத் திரும்புவேன். சாலை முக்குத் திரும்புவதற்குள் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும். மண்ணுக்குள் இருக்கிற இணைப்புக்கு நுரை தடவ முடியாது. அதைத் தோண்டிப் பார்க்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

தை பிறந்த பிறகு மழை இல்லை. மாசியில் வெயில் ஏறியது. ஊரைச் சுற்றியுள்ள காட்டு நிலமெல்லாம் வெடிப்பு விட ஆரம்பித்தது. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். பிளவுக்குள் கையை முழங்கை வரை விடலாம். இது இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குழாயைப் புதைத்த நாளில் மட்டும் அது என் நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில் கடைக்குப் போன் வந்தது. கணவர்தான் பேசினார்.

"தம்பி, முன்னெல்லாம் ஒரு சிலிண்டர் ஒரு மாசம் வரும். இப்ப பத்து நாள்ல தீந்து போகுது. தீயும் சின்னதா எரியுது. வந்து பாக்கீங்களா?"

"வாசம் எதுவும் வருதா சார்?"

"என் மூக்கு எப்பவும் அடைச்சுத்தான் கிடக்கும். அவளுக்குச் சளி. ஏன்?"

"தீயைப் பத்தவைக்காதீங்க. இப்பவே வாரேன்."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்த நேரம். பின் கேட்டைத் திறந்ததுமே எனக்கு அந்த வாசம் அடித்தது. அழுகிய முட்டைக்கோஸ் வாசம். குழியில் தீ எரிந்துகொண்டிருந்தது. கணவர் போன் பேசப் போவதற்கு முன்பே அந்த அம்மா பற்றவைத்துவிட்டாராம். கணவருக்கு அது தெரியாது. அந்த அம்மா வழக்கமான மர நாற்காலியில், சேலையை முழங்காலில் ஒதுக்கி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

நாற்காலிக்கு அடியில், நிழல் விழுந்த இடத்தில், தரை பிளந்திருந்தது. அந்தப் பிளவின் ஓரமாக ஒரு நீலக் கோடு ஓடியது. விரல் உயரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு சாண் நீண்டது. பூமி எரிந்துகொண்டிருந்தது. சேலைத் தலைப்பு அதிலிருந்து ஒரு கை தூரத்தில் தொங்கியது.

நான் என்ன செய்தேன் என்பதை அப்படியே எழுத வேண்டும். நான் ஓடினேன். அவரை நோக்கி அல்ல. என் கால்கள் கேட்டுப் பக்கம் திரும்பின. கேட்டின் கம்பியைக் கையில் பிடித்துவிட்டேன்.

"என்ன தம்பி, வந்துட்டு உடனே போறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். சாதாரணமாக, விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

அந்தக் குரல்தான் என்னைத் திருப்பியது. ஓடிப் போய் முதலில் சிலிண்டரை மூடினேன். ரெகுலேட்டரின் திருகு இரண்டு முறை வழுக்கியது. பிறகு நாற்காலியின் பின்பக்கம் போய், அவரோடு சேர்த்து நாற்காலியைத் தூக்கினேன். எனக்கு அவ்வளவு பலம் கிடையாது. தூக்கியும் இழுத்தும் வராந்தாப் படி வரை கொண்டுபோய்விட்டேன். அவர் கத்தவில்லை, நாற்காலிக் கைகளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கணவர் சத்தம் கேட்டு வந்து, தரையில் ஓடும் தீயைப் பார்த்துச் செருப்புக் காலோடு மிதிக்கப் போனார்.

"மிதிக்காதீங்க சார்! பக்கத்துலயே போகாதீங்க!"

மூன்று பேரும் வராந்தாவில் நின்றோம். குழியில் தீ அடங்கிவிட்டது. தரையில் மட்டும் அது எரிந்தது. மண்ணுக்குள் தங்கியிருந்த கேஸ் தீரும் வரை, பிளவுக்குப் பிளவு தாவி, அங்கன ஒன்று, இங்கன ஒன்று என்று எட்டிப் பார்த்தது. ஒரு தடவை குளியலறைச் சுவர் ஓரமாக, சிலிண்டருக்கு ஐந்தடியில் எழுந்தது. கணவர் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு ஜெபம் எதுவும் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். சுவரோரத் தீ குறுகி, மஞ்சளாகி, அணைந்தது. பிறகும் வெகுநேரம் நாங்கள் இறங்கவில்லை.

மறுநாள் காலை நானே மண்வெட்டி கொண்டுபோய்த் தோண்டினேன். நடு இணைப்பில் குழாய் ஒரு விரல்கடை வெளியே வந்திருந்தது. மண் சுருங்கும்போது இரண்டு பக்கமும் பிடித்து இழுத்திருக்கிறது. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைத்தேன்.

"இது என் தப்பு. குழி வேண்டாம்னு அன்னைக்கே எனக்குத் தோணுச்சு. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு செஞ்சிட்டேன். இது மாதிரி நான் முன்ன பின்ன செஞ்சதே இல்ல."

கணவருக்குக் கோபம் வந்தது. வரவேண்டியதுதான். "அவ கால் நடக்க முடியாத கால்னு உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் செஞ்சிருக்கீங்க" என்றார். அதற்கு மேல் இருமல் வந்து பேசமுடியாமல் உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா குழாய்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். நீங்க மேஜைன்னுதான் சொன்னீங்க." அதைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டுப் பக்கம் போனீங்களே, ஓடத்தான் போனீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"நானும் நல்ல கால் இருந்திருந்தா ஓடியிருப்பேன்" என்றார். அதில் கேலி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே போய்க் குழியை மூடுகிற வேலையைச் செய்தேன். கல், செங்கல், பர்னர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மண்ணைத் தள்ளினேன்.

இனி அந்த வீட்டுப் படியில் ஏறக்கூடாது என்று நினைத்தேன். அடுத்த புரட்டாசியில் அந்த அம்மா ஆட்டோவில் கடைக்கு வந்து இறங்கினார். அதே காகிதம். இந்த முறை விரல் மேஜைப் படத்தின் மேல் இருந்தது.

"வேற ஆளைப் பாருங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படுத ஆளுதான் எனக்கு வேணும். அன்னைக்கு பயத்தை மறைச்சீங்க. இந்தத் தடவை என்னென்ன பயம்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே செய்யுங்க."

அப்படித்தான் செய்தேன். லேத் பட்டறையில் இரும்புத் தகட்டில் இடுப்புயர மேஜை. கேஸ் கசிந்தால் தங்காமல் காற்றோடு போக, அடிப்பக்கம் முழுக்கத் திறந்துவிட்டேன். குழாய் இல்லை. டியூப் மட்டும், அதுவும் சுவரில் கொக்கி அடித்து, கண்ணில் படும்படி. இணைப்பு இரண்டே இடம், இரண்டும் கைக்கு எட்டும். ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்கிறேன், எதற்குப் பயப்படுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காத்துல தீ அணைஞ்சா?" அதற்காகச் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்த, கேஸை நிறுத்தும் அடைப்பானை எடுத்து, நாற்காலியில் இருந்தே கை எட்டுகிற இடத்தில் மாற்றி வைத்தேன்.

பற்றவைக்கும் நேரம் வந்தபோது என்னால் முடியவில்லை. குச்சியை உரச உரச உடைந்தது. அந்த அம்மா பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க படிகிட்ட போய் நில்லுங்க தம்பி."

போய் நின்றேன். அவர் பற்றவைத்தார். தீ நின்றது.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் அவர்கள் அங்கே இருந்தார்கள். பிறகு கணவருக்கு இழுப்பு அதிகமாகி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தூத்துக்குடிக்குப் போய்விட்டார்கள். மேஜையை என்ன செய்தார்கள் என்று தெரியாது. அந்த மூன்று வருடமும் மாதம் ஒரு முறை போய் டியூபைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு தடவைகூட அந்த முற்றத்தின் நடுவில் என்னால் நிற்க முடிந்ததில்லை. சுவரை ஒட்டியே நடந்து போய், சுவரை ஒட்டியே திரும்புவேன். அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.