முதல் தரம் ‘வேண்டாம்’ என்பவர்

சாவகச்சேரியில் பிறந்து சிட்னியில் கண்மூடிய எங்கள் அண்ணா பிரிந்து ஓராண்டு ஆகிறது. தங்கையாகிய என்னை எழுதச் சொன்னார்கள். ஆறுதலாக எழுத என்னால் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தவறியபோது அண்ணாவுக்குப் பதினாறு வயது. லேத் வேலை பழகி எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து, சில காலம் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, மெரிலேண்ட்ஸில் பலசரக்குக் கடை போட்டார். அண்ணி வீட்டுக் குசினியில் வறுத்த மிளகாய்த்தூளுக்காக எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

அண்ணாவின் குணம் வியாபாரத்துக்கு ஆகாது என்று சொந்தத்தில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கடை ஓடியதே அந்தக் குணத்தால்தான். வந்தவரைக் கதிரையில் இருத்தித் தேநீர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். ஆனால் தனக்கென்று ஒன்றைக் கேட்கத் தெரியாது. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தரம் ‘வேண்டாம்’ என்பார். மறுபடி கேட்கவேண்டும் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். இந்த நாட்டுக்குத் தெரியாது.

ஒருநாள், கடை வாடகைக்கு இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து, கட்டடத்தை விற்கப்போவதாகவும் முதலில் அண்ணாவிடம் கேட்பதாகவும் சொன்னார். அதை வாங்குவதுதான் அண்ணாவின் ஒரே ஆசை. ஆனாலும் சிரித்துக்கொண்டு “நோ, நோ” என்றார். வந்தவர் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

“ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்று அண்ணி கேட்டார்.

“உடனை ஓம் எண்டால் ஆலாப் பறக்கிறன் எண்டு நினைப்பார். இன்னொருக்கால் கேப்பார்தானே.”

அடுத்த கிழமை கட்டடம் வேறொருவருக்கு விலைப்பட்டுவிட்டது. அண்ணா ஓடிப்போய்க் கெஞ்சினார். “நீங்கள் வேண்டாம் என்றீர்களே” என்று அந்த மனிதர் உண்மையாகவே வருந்தினார். வாங்கியவர் இடத்தை விடச் சொன்னதால் மூன்று மாதத்தில் கடையைப் பூட்டவேண்டி வந்தது. அதன்பின் அண்ணா தேறவேயில்லை. கடைத் தட்டுகளைக் கராஜில் அடுக்கிவைத்து, அவற்றின் முன்னால் கதிரை போட்டு இருப்பார். பிறகு நெஞ்சு நோவு வந்தது.

கடைசி நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில், “அண்ணா, நான் நிக்கட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம் பிள்ளை, நீ போட்டு வா.”

போய்விட்டேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்தது.

எங்களைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் சோறு சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத நண்பர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

கட்டடக்காரருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. நான் அண்ணாவின் கூடப் பிறந்தவள். நானும் ஒரு தரம்தான் கேட்டேன்.