விட்டுப் போனவர் சொன்ன சாட்சி

ஊரில் அவளைக் கறார் அக்கா என்றுதான் சொல்வார்கள். ரசீது இல்லாமல் பொருள் வாங்க மாட்டாள். சொன்ன வாக்கிலிருந்து இம்மி நகர மாட்டாள். திட்டுவதற்காக யாரோ வைத்த பெயர் அது. அவளோ பட்டம் கிடைத்த மாதிரி அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இரண்டே அறைகள். அதுதான் அவளும் அவள் நாத்தனாரும் சேர்ந்து, பிறருடைய கணினித் தகவல்களை வாடகைக்குக் காத்து வைக்க நடத்திய கிளவுட் நிறுவனம். அக்கா இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வாள். நாத்தனார் ஆட்களைப் பார்த்துக்கொள்வாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த வாய் நாத்தனாருடையது. இயந்திரங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே குளிரூட்டிய கட்டடம் ஒன்றில் வாடகை இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கீழ்க்கடைக்காரருக்கு மட்டும் அது பிடிபடவே இல்லை.

"மேகத்த எங்கம்மா வச்சிருக்கீங்க? என் கூரை ஒழுகாதே?"

"மேகமும் இல்ல, மழையும் இல்லண்ணே. உங்க சாமான் எங்க வீட்டுல இருக்கும், சாவி உங்க கையில இருக்கும். அவ்வளவுதான்" என்பாள் அக்கா.

தனியார் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் பெரிய நிறுவனங்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த வருடம் அது. அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம், தன் அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கிளவுட் சேவை தரக்கூடியவர்களின் பட்டியலுக்கு விண்ணப்பம் கேட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் எந்த அரசு அலுவலகமும் வாங்கலாம். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

"இதுவும் கிடைக்கலன்னா கடையைச் சாத்திடலாம் அண்ணி. நான் எங்கயாவது வேலைக்குப் போறேன்" என்றாள் நாத்தனார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும்.

விண்ணப்பத்தை நாத்தனார்தான் எழுதினாள். படித்தால் நமக்கே நம்மேல் காதல் வந்துவிடும், அப்படி எழுதியிருந்தாள். ஒரே ஒரு கேள்வியில் அக்காவின் கண் நின்றது. வாடிக்கையாளர் உங்களைவிட்டு விலகினால் அவருடைய தகவல்களை எப்படித் திருப்பித் தருவீர்கள்? நாத்தனாரின் பதில் ஒற்றை வரி: 'அப்படியொரு நிலைமை எழாது.'

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொழிலுக்கு வருமுன் அவள் அரசு மருத்துவமனை ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தகவல்களை வைத்திருந்த நிறுவனம் ஒப்பந்தம் முடிந்து விலகியபோது, யாராலும் திறக்க முடியாத வடிவத்தில் நோயாளிகளின் விவரங்களைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. செவிலியரோடு உட்கார்ந்து அவளும் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன நோய்? என்ன மருந்து?" என்று கேட்க வேண்டியதாயிற்று. சிறுநீரகக் கோளாறுள்ள ஒரு பெண், "மறுபடியும் மொதல்லேருந்தா?" என்று அழுதுவிட்டாள். தப்பு தன்னுடையதல்ல என்றாலும் அக்கா வெட்கத்தால் குன்றிப்போனாள். அந்த வெட்கம் இன்னும் அவளுக்குப் போகவில்லை.

அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டு, விலகுகிறவருக்கு எதை எப்படித் திருப்பித் தருவது என்று நான்கு பக்கம் எழுதினாள்.

"கல்யாணப் பத்திரிகையிலயே விவாகரத்துக்கு வழி சொன்ன மாதிரி இருக்கு அண்ணி."

"வாசல் தொறந்திருக்கிற வீட்டுலதான்டி மனுஷன் பயமில்லாம உக்காருவான்."

விண்ணப்பம் போனது. ஊரில் பல கிளை வைத்திருந்த பல் மருத்துவர்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். அரசின் தேர்வுக் குழு கேட்டால் அவரைப் பேசச் சொல்லலாம் என்று இருந்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழும் என்று பார்த்தால், அவர் நழுவி வேறெங்கோ விழப்போவதாகத் தகவல் வந்தது.

"ஏதாவது கோளாறுன்னு சொல்லி இழுத்தடிப்போம் அண்ணி. குழு பார்த்து முடியற வரைக்கும்."

"எழுதிக் குடுத்த மை காயறதுக்குள்ளயா?"

அக்காவுக்கும் அவரை விட மனமில்லைதான். இல்லை என்றால் பொய். ஆனாலும் தான் எழுதிய நான்கு பக்கத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி மருத்துவரின் தகவல்கள் எல்லாவற்றையும் அவருடைய புது நிறுவனத்துக்கு அனுப்பினாள். பிறகு நேரில் போய், புது இடத்தில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். சில எக்ஸ்ரே படங்கள் திறக்கவில்லை. திரும்பி வந்து அவற்றை மறுபடி அனுப்பினாள். தன்னிடமிருந்த பிரதியை அழித்து, அதையும் எழுத்தில் தெரிவித்தாள்.

நேர்காணல் நாளில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"உங்க வாடிக்கையாளர் யாராவது ஒருத்தர் நம்பர் குடுங்க. இப்பவே பேசிடறோம்."

நாத்தனார், இன்னும் தங்களோடு இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பல் மருத்துவரின் எண்ணைச் சொல்லிவிட்டாள். மேசைக்கடியில் நாத்தனார் அவள் காலை ஓங்கி மிதித்தாள். அக்கா அசையவில்லை. ஒலிபெருக்கியில் மருத்துவரின் குரல் வந்தது.

"அவங்களா? போன மாசமே அவங்கள விட்டு வந்துட்டேனே!"

"ஏன், சேவை சரியில்லையா?"

"சேவைக்கென்ன குறை? என் மாப்பிள்ளை சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சிருக்காரு. அவருக்குக் குடுக்கலன்னா பொண்ணு வீட்டு வாசல நான் மிதிக்க முடியுமா?"

குழு சிரித்துவிட்டது. தலைவர் மட்டும் விடவில்லை. "உங்க தகவலெல்லாம் ஒழுங்கா வந்துச்சா?"

"ஒண்ணு விடாம வந்துச்சு. கொஞ்சம் படம் தொறக்கலைங்கறத அந்தம்மாதான் கண்டுபிடிச்சு திரும்ப அனுப்பினாங்க. எனக்கு அது தெரியவே தெரியாது."

போனை வைத்துவிட்டுத் தலைவர் அக்காவைப் பார்த்தார். "எல்லாரும் கூட இருக்கிற வாடிக்கையாளரத்தான் சொல்வாங்க. நீங்க விட்டுப் போனவரச் சொல்றீங்களே?"

"இருக்கறவங்க நல்லபடியாத்தான் சார் சொல்லுவாங்க. அவங்க சாமான் எங்க கையில இருக்குல்ல?"

தலைவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். முதல்முறையாக அந்த நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார்.

பட்டியல் வந்தது. அதில் அவர்கள் பெயர் இருந்தது. நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மிதித்த காலுக்கு மன்னிப்பும் கேட்டாள். அக்கா செருப்பைக் கழற்றிக் கன்றிப்போயிருந்த விரலைக் காட்டினாள்.

முதலில் போனில் அழைத்தது ஒரு மருத்துவமனை; நாத்தனார் எடுத்தாள். பக்கத்து அறையில் இருந்த அக்கா வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். இனி வழக்கமான புகழ்மாலை ஆரம்பிக்கும் என்று நினைத்தாள். நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம் சார். மொதல்ல, எங்கள விட்டு எப்படிப் போறதுன்னு சொல்லிடறேன்."