பசி என்று நினைத்த வலி

மாமியார் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் எங்கள் வீட்டு மானம் கப்பலேறியது. சன்னல் வழியே தற்செயலாக எட்டிப் பார்த்தவர், அடுத்த வீட்டு அடுப்படியில் தன் ஒரே மகன் நின்றவாக்கில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைத் தின்பதைக் கண்டுவிட்டார். அவசர அவசரமாக, அள்ளி அள்ளி. காலையில் நான் சுட்ட தோசைகளை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போன அதே மனிதர்தான்! சொன்னால் யார் நம்புவார்கள்? நான் கல்யாணமாகி காஜா பேராங்கில் இருந்த புகுந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அடுத்த வீட்டம்மாள் கம்போங் செட்டிக்காரர், தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம். நம் சாமியெல்லாம் தெரியும், நம் பேச்சு வராது. "காசியான்" என்று மலாயில் பரிதாபப்பட்டு என் கணவருக்குப் பொட்டலம் நீட்டியவர். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பரிதாபம் வீடு வீடாகப் போனது. புதுப்பெண் புருஷனுக்குச் சோறு போடுவதில்லையாம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? குழாயடிக்குப் போனால் பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள். குடம் நிறையும்வரை தலையைக் குனிந்துகொண்டே நிற்பேன்.

"எம்மவன அடுத்த வீட்டுல கையேந்த வச்சிட்டியேடி! இன்னொரு தடவ பாத்தேன், ஒங்கப்பன் வீட்டுக்கே மூட்டை கட்டி அனுப்பிருவேன்" என்றார் மாமியார். அன்றிலிருந்து நான் போட்ட சோற்றை அவர் தொடவில்லை. தானே பொங்கித் தானே போட்டுக்கொண்டார். மருமகளுக்கு அதைவிடப் பெரிய செருப்படி கிடையாது.

கணவரோ வயிற்றில் இருந்த வலியை எங்களிடமும் மறைத்தார். கேட்டால், "சும்மா பசிதான்." வெள்ளைக்காரர்கள் கிளம்பக் கிளம்ப ஆபீசுகளில் நம் ஆட்களுக்கு இடம் கிடைக்கும் என்று எல்லோரும் பேசிய காலம் அது. தன் அம்மாவின் மளிகைக் கடையில் நின்றுகொண்டே அவரும் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். வயிற்றில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் உடல் பரிசோதனையில் தள்ளிவிடுவார்களே என்ற பயம். தன் வலியை மறைக்க என் பெயரைப் பலி கொடுத்துவிட்டார், புண்ணியவான்.

செய்தி குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய என் அப்பாவுக்கும் எட்டியது. ஒருநாள் சைக்கிளில் ஒரு சாக்கு அரிசியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அரிசி விற்கிற வீட்டுக்கு அரிசி! "தாயில்லாம வளந்த புள்ளம்மா, அளந்து போட்டே பழகிடுச்சு. மன்னிச்சுக்குங்க" என்று கை கூப்பினார். மாமியார் உட்காரச் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

ஒரு காலை, கணவர் கறுப்பாகத் தார்போல வெளிக்குப் போய், கொல்லையிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். தேறியபின் வெள்ளைக் கூழ் ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். தமிழ் டாக்டர் ஒருவர் மாமியாரிடம் கையால் வளைத்துக் காட்டினார். "இரைப்பை இப்படி ஒரு பைம்மா. அதோட கீழ்வாசலத் தாண்டினதும் முன்சிறுகுடல். அங்கதான் புண்ணு. சாப்பாடு இருக்கிறவரைக்கும் வலி அடங்கியிருக்கும். பை காலியானா புளிச்ச தண்ணி புண்ணுமேல படும், பசி மாதிரியே பிடுங்கும். எதையாவது தின்னாதான் நிக்கும். எவ்வளவு போட்டாலும் அவருக்குப் பத்தாது." இன்று இதற்கெல்லாம் பெரும்பாலும் கிருமிதான் காரணம், மாத்திரையில் போய்விடும் என்கிறார்கள். அன்று பாலும் கஞ்சியும், கவலைப்படாதே என்ற புத்திமதியும்தான் மருந்து.

மறுநாள் மாமியார் கடையைப் பூட்டிவிட்டு, "கெளம்பு" என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றித் தோட்டத்து லயத்தில் இருந்த அப்பா வீட்டுக்கு அழைத்துப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அங்கே கால் வைத்ததே இல்லை. அப்பா பதறிப்போய் மறுபடி கை கூப்பினார்.

"கையக் கீழ எறக்குங்க சம்பந்தி. புண்ணு எம்மவன் வயித்துல. ஒங்க மவ கையில ஒரு கொறையும் இல்ல" என்றவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சோறு இருக்கா? அவளப் போடச் சொல்லுங்க."

பழைய சோறும் கருவாடும்தான் இருந்தன. நான் போட்டேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் கை கழுவ வெளியே போனதும் அப்பா என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப நீ மாப்பிள்ளைக்கு நெசமாவே சோறு போட்டுக்கிட்டுத்தான் இருந்தியா தாயி?"