மதாம் ஓடெத்தின் றைபிளைத் திருப்பி வாங்கிய சனிக்கிழமை

1. ஸ்பிரிங் பரீட்சை

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை செய்த மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. முதலில் வெளியே வந்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு மாதம் கழித்து, சுவிஸ் நாட்டு நொஷாட்டலில் துப்பாக்கி திருத்தும் கடையொன்றுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி பியேருக்கு ஏறக்குறைய என் வயதுதான். நான் நீட்டிய சான்றிதழ்களை அவர் பார்க்கவே இல்லை. ஒரு தட்டில் ஏழெட்டுக் குட்டி ஸ்பிரிங்குகளைக் கொட்டினார்.

"இதிலை பிழையானது எது?"

பிரெஞ்சில்தான் கேட்டார். ஆனால் அந்த ஆட்களின் பேச்செல்லாம் இப்போது எனக்கு எங்கள் தமிழிலேயே ஞாபகம் வருகிறது. இடுக்கியால் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தேன்.

"திங்கட்கிழமை வாங்கோ" என்றார்.

மன்னாரில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவள் துப்பாக்கிக் கடையில் வேலை செய்வதா என்று கோயிலில் சிலர் கேட்டார்கள். என் கணவர் அன்ரனுக்கும் முதலில் பிடிக்கவில்லை. போகப் போகத்தான் விளங்கியது, இந்த ஊரில் றைபிள் வேறு சங்கதி. சனிக்கிழமை காலையில் பேக்கரிக்காரரும் பள்ளி ரீச்சரும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். வட்டம் போட்ட அட்டையைச் சுடுவார்கள். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள்.

2. விரல்தான் கிழவி

மதாம் ஓடெத் தபால் கந்தோரில் முப்பது வருடம் கவுண்டரில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருடையது அரைத் தானியங்கி றைபிள். ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு வெடி. அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும். வாதத்தில் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிப்போயிருந்தன.

"கண் இன்னும் குமரிதான், ரீற்றா. விரல்தான் கிழவியாப் போச்சு. சுடுற கழகத்துப் போட்டிக்கு முதல் விசையைக் கொஞ்சம் லேசாக்கித் தாரும்."

பியேர் அந்த வேலையை முழுக்க என்னிடமே விட்டார். கன்னம் வைக்கும் கட்டையை அவருடைய முகத்துக்கு ஏற்றபடி உயர்த்தினேன். பிறகு விசை. உள்ளே ஹாமரை ஒரு சின்னக் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். விசையை அழுத்தினால் கொக்கி விலகும், ஹாமர் போய்க் குண்டின் பின்புறத்தில் அடிக்கும். அந்தப் பிடி இறுக்கமென்றால் விரல் நோகும். தளர்ந்துவிட்டால் விரல் படாமலே வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் தலைமயிர் அகலம்கூட இல்லை.

அதனால் பியேரின் கடையில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வேலை அட்டை உண்டு. அதில் இரண்டு சோதனைகள், இரண்டும் குண்டு போடாத வெறும் துப்பாக்கியில்தான். ஒன்று எடைச் சோதனை: விதிப்படியான எடையை விசையில் தொங்கவிட்டால் ஹாமர் விழக்கூடாது. மற்றது தட்டுச் சோதனை: றப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினாலும் விழக்கூடாது. புதன்கிழமை இரண்டையும் செய்து அட்டையில் குறித்தேன்.

வியாழக்கிழமை மதாம் எடுக்க வந்தார். வெறும் றைபிளைத் தோளில் வைத்து அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒரு துளி?"

மறுக்க மனம் வரவில்லை. அவர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு தன் பூனையின் சேட்டைகளைச் சொல்ல, நான் சிரித்தபடியே ஸ்பிரிங்கைக் கழற்றி, மென்மையான வேறொன்றைப் போட்டேன். எடையைத் தொங்கவிட்டேன். விழவில்லை. மதாம் அந்த ஊர் வழக்கப்படி என் கன்னங்களில் மூன்று முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

3. மூன்றாவது தட்டு

சனிக்கிழமை பியேர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். நான் தனியாகக் கடையைத் திறந்து, அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மதாமின் அட்டை கைக்கு வந்தது. தட்டுச் சோதனை, புதன். ஸ்பிரிங் மாற்றம், வியாழன். அதற்குக் கீழே எடைச் சோதனை மட்டும்தான் இருந்தது.

ஸ்பிரிங்கை மாற்றிய பிறகு நான் தட்டிப் பார்க்கவே இல்லை. அன்று பயிற்சி நாள். சுடும் இடத்துக்குப் போன் எடுத்தேன், ஒருவரும் தூக்கவில்லை. பிறகு அன்ரனுக்கு எடுத்தேன். தான் வேலை செய்த ரெஸ்ரோறன்ற் குசினியிலிருந்து ஏப்ரனோடே காரில் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு ஏறினேன். வழியில் விஷயத்தைச் சொன்னேன்.

"பிழை விட்டனெண்டு நீரே போய்ச் சொல்லப் போறீரோ? வேலை போனா இஞ்சை இருக்கிற பெர்மிட்டுக்கு என்ன செய்யிறது?"

"ஆருக்கும் பட்டா என்ன செய்யிறது, இஞ்சாருங்கோ?"

அவர் காரை இன்னும் வேகமாக ஓட்டினார்.

மேட்டில் இருந்த அந்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதாம் பாயில் படுத்து, காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள்.

"மதாம், சுடாதேங்கோ!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர், பெரிய மீசைக்காரர், எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். அவர் றைபிளை வாங்கி, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்து, கழகத்து எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டார். ஹாமர் விழவில்லை.

"சரியாத்தானே இருக்கு. சும்மா பயப்பிடுறியள்." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"தயவுசெய்து, ஒருக்கா தட்டிப் பாக்கவேணும்."

கையோடு கொண்டுபோயிருந்த றப்பர் சுத்தியலை எடுத்தேன். தோளில் வைக்கும் பிடங்கில் தட்டினேன். ஒன்றுமில்லை. பக்கவாட்டில் தட்டினேன். ஒன்றுமில்லை. என் காது இரண்டும் சுட்டது. மறுபக்கம் தட்டினேன்.

டிக்.

சின்னச் சத்தம்தான், ஆனால் ஹாமர் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. மதாம் பாயிலிருந்து மெல்ல எழும்பி, பக்கத்துப் பாயைப் பார்த்தார். அங்கே அவருடைய மருமகள் முழங்காலில் இருந்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மதாம். என்ரை பிழை" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என்னை ஏசவில்லை. வீங்கிய விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நான்தான் இன்னும் ஒரு துளி கேட்டனான். றைபிளைக் கொண்டு போம். அதுக்கு முதல் ரெண்டு பேரும் இருந்து சாப்பிடுங்கோ."

அன்ரன் ஏப்ரனோடே உட்கார்ந்து பொரித்த சொசேச் சாப்பிட்டார். நான் என் பங்கையும் அவருடைய தட்டில் வைத்தேன்.

4. பியேர்

திங்கட்கிழமை எல்லாவற்றையும் பியேரிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் அட்டையை எடுத்து வரி வரியாக வாசித்தார்.

"ஏன் எனக்கு முதல்லை போன் எடுக்கேல்லை?"

"எடுத்திருந்தா, ஒண்டும் நடக்காது, திங்கட்கிழமை பாப்பம் எண்டு சொல்லியிருப்பியள்."

அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. மூக்கைச் சீறினார். பிறகு, "ஓம். சொல்லியிருப்பன்" என்றார்.

அன்றே கொக்கியையும் ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றினோம். விசையை லேசாக்கவில்லை. அதற்குப் பதிலாக விரல் படும் இடத்தை அகலமாக்கி, வலி ஒரே புள்ளியில் விழாதபடி செய்தோம். பிடங்கையும் கொஞ்சம் குறுக்கினோம். மதாமின் விரல் நீண்டு இழுபடாமல் இயல்பாகப் போய்ப் படிந்தது. போட்டியில் அவருக்குப் பதினோராவது இடம். முதலிடம் கிடைத்ததைப் போல ஒரு கேக்கோடு கடைக்கு வந்தார். அதன்பிறகு தன் றைபிளைப் பியேர் தொடுவதற்குக்கூட அவர் விட்டதில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு ஸ்பிரிங்கை மாற்றினாலும் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்யுங்கள். நான் அவசரத்தில் பிழை விடவில்லை, சோம்பலிலும் விடவில்லை. அந்த மனுசியைக் காக்க வைக்க மனமில்லாமல் விட்டேன். உங்களுக்குப் பிடித்தவர் கவுண்டரில் வந்து நின்றால், கதிரை போட்டு இருத்தி ஒரு கோப்பி கொடுங்கள். அவர்மேல் எவ்வளவு பிரியமோ, அவ்வளவு நேரம் காக்க வையுங்கள்.