ஆயுத பூஜைக்கு அணைச்ச மெஷினு

நான்தான் அணைச்சேன். அணைக்கவே இல்லன்னு பொய்யும் சொன்னேன். அதால ஒரு பொண்ணுக்கு வேலை போச்சு... கேட்டுக்குங்க.

தி.நகர்ல ஒரு கல்யாணத் தரகு ஆபீசு. நான் அங்க வாட்ச்மேன். முன்ன அந்த எடத்துல ஒரு வெத்தலக் கட, அவன் சுண்ணாம்பு கொழைக்கிற அழகு இருக்குதே... சரி, அது வேற கதை. மைலாப்பூர் ஹெட்டாபீசு கம்ப்யூட்டர்ல ஏத்துற ஜாதகமெல்லாம் எங்க மெஷின்லயும் நகலா வந்து குந்திக்கும். அதைப் பாத்துக்கினது சுமதி.

என்னை நைனான்னுதான் கூப்டும். டீ வாங்குனா ரெண்டா வாங்கும். நான் கூவத்துக் கரை கதைய இழுத்துக்கினே போவேன். "அப்பால இன்னா ஆச்சு நைனா?"ன்னும். என் கதைய அப்டி யாரு கேட்டா, சொல்லுங்க!

ஒரு நாள் கேட்டுச்சு. "நைனா, இந்த மெஷின் சேந்தாப்ல எத்தினி நாள் ஆஃப்ல கிடக்கும்? அங்க ஏத்துறதுக்கெல்லாம் மைலாப்பூர் மெஷினு குறிப்பு எழுதிக்கினே வரும். அதைப் பாத்துதான் இது நகலெடுக்கும். பழைய குறிப்பை அழிக்கலன்னா எடம் ரொம்பிடும்."

"நான் கீற வரைக்கும் ஒரு நாளும் அணையாதும்மா!" எம்மாம் பெருமை எனக்கு!

சிரிச்சுக்கினே, மூணு நாள் தாண்டுன குறிப்பு தானா அழியுற மாதிரி வெச்சுச்சு.

ஆயுத பூஜை வந்துது. மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வெச்சேன். பூஜையில வெச்சதை ஓட விடலாமா? அணைச்சிட்டு, பெரும்பாக்கத்துல மவ வூட்டுக்குப் போனேன். லீவு, அப்பால மழை... அஞ்சு நாள் ஆயிடுச்சு. மைலாப்பூர்ல ஏத்திக்கினேதான் இருந்தாங்க.

வந்து மெஷினைப் போட்டேன். "லைட்டு எரியுதா நைனா?"ன்னு சுமதி வூட்லேந்து போன்ல கேட்டுச்சு. எரிஞ்சுது, எரியுதுன்னேன். ஆனா மொத ரெண்டு நாள் குறிப்பு அழிஞ்சு போச்சே! நகல் பூஜை அன்னிக்கோட அங்கியே நின்னுக்கிச்சு.

அடுத்த மாசம் மைலாப்பூர் மெஷின் செத்துப்போயி பூட்ட கேஸாச்சு. பூஜைக்கு அப்பால ஏத்துன ஒரு ஜாதகமும் எங்கியும் இல்ல. மொதலாளி கத்துறாரு: "மூணு நாள்னு எவ வெச்சது?"

சுமதி என்னைப் பாத்துச்சு. "நடுவுல அணைச்சியா நைனா?"

இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்? "இல்லம்மா"ன்னேன்.

நம்பிடுச்சு! அதான் இன்னும் அறுக்குது. இப்ப டீக்காரன் ஒரு கிளாஸ்தான் வெக்கிறான்... வாசலையே பாத்துக்கினு கெடக்கேன்.

போன வாரம் மனசு கேக்காம தரமணி போனேன். அங்க ஒரு ஆபீசுல கீதுன்னாங்க. சாயந்திரம் வெளிய வந்துச்சு. "நைனா! இன்னா இப்டி மெலிஞ்சுட்ட? சாப்டியா?" அப்பால அதுவே சொல்லுது, "எங்க தப்பு பண்ணேன்னு இன்னும் யோசிச்சுக்கினுதான் கீறேன் நைனா. எனக்கே என் வேலை மேல நம்பிக்கை இல்ல."

வாய் வரைக்கும் வந்துது...

"பஸ்ஸு வந்துடுச்சும்மா"ன்னு ஏறிட்டேன். எந்த பஸ்ஸுன்னுகூட பாக்கல.