அமாருவுக்குச் சேர வேண்டிய கால்

ஒலிவ மரத்து ஏணியிலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்ட எர்மீனியா அத்தை, தரையில் கிடந்தபடியே புனித அமாருவுக்கு ஒரு மெழுகுக் கால் நேர்ந்துகொண்டாள். முழங்காலிலிருந்து பாதம்வரை, தன் காலின் அளவுக்கே. கை கால் நோவென்றால் எங்களுக்கு அமாருதான். கால் கூடிவிட்டது. நேர்ந்ததைத்தான் செலுத்த முடியவில்லை. அமாரு ஊரில் இல்லை.

பதினோரு வருடங்களுக்கு முன் எங்கள் சிற்றாலயத்தின் கூரை ஒழுகியது. நகரத்திலிருந்து வேனில் வந்தவர்கள், அமாருவின் மரச் சுரூபத்தைப் பூச்சி அரித்திருக்கிறது, சரிசெய்து இரண்டு வருடத்தில் தருகிறோம் என்று ரசீது எழுதிக் கொடுத்து எடுத்துப் போனார்கள். கூரையை நாங்களே மாற்றினோம். நகரத்துப் பேராலயத்தை ஒட்டியுள்ள பழைய ஆயர் மாளிகை இப்போது அருங்காட்சியகம். அமாரு அங்கேயே நின்றுவிட்டார்.

சிற்றாலயச் சாவி அத்தையிடம். சனிக்கிழமைதோறும் திறந்து, காலி மாடத்தைத் துடைத்துவிட்டுப் பூட்டுவாள்.

"ஆளில்லாத வீட்டை எதுக்குப் பெருக்குற?" என்று ஒருநாள் ரொட்டிக்கடை பாசிலியு கேட்டான்.

"உன் கடையிலகூட பத்து மணிக்கு மேல ரொட்டி இல்ல. நீ தொறந்து வெக்கலையா?"

பதின்மூன்று வயதில் ஒலிவக் காய் பொறுக்கப் போனவள், அறுபத்து மூன்றிலும் போகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொன்ன சொல்லை மறுநாளுக்குத் தள்ளத் தெரியாது. என் பட்டமளிப்புக்குக் கோட்டு வாங்கித் தருகிறேன் என்றவள், நான் முதல் வருடம் தேறுவதற்குள்ளேயே வாங்கிவிட்டாள். விழா வந்தபோது கோட்டின் கை குட்டையாகிவிட்டது, அதோடுதான் மேடையேறினேன். ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கியவன் யாராக இருந்தாலும் இங்கே டாக்டர்தான். நான் படித்தது வரலாறு.

அந்தப் படிப்பை வைத்து அருங்காட்சியகத்துக்கு ஏழு கடிதங்கள் எழுதினேன். ரசீது எண், தேதி எல்லாம் போட்ட நல்ல கடிதங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அத்தை மெழுகுக் காலை ரொட்டித் துணியில் சுற்றிக்கொண்டு பேருந்து ஏறினாள். அன்று திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அடுத்த முறை போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டுக்குக் கதவை அடைத்திருந்தார்கள்; திறப்பதற்குள் திரும்பும் பேருந்து வந்துவிட்டது. மூன்றாம் முறை நானும் போனேன். ஜனவரி பதினைந்து, அமாருவின் திருநாள். அன்றைக்குச் செலுத்தியே ஆகவேண்டும் என்றிருந்தாள்.

சீட்டுக் கொடுக்கும் பெண் துணியைப் பார்த்தாள்.

"அது என்னம்மா?"

"காலு."

"யாரோட காலு?"

"அமாருவோடது."

"மெழுகெல்லாம் உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா. உருகிக் கறை பிடிச்சிடும்."

"இந்தக் குளிர்லயா உருகும்? என் மூக்கே உறைஞ்சு போச்சு."

நான் ரசீதை நீட்டினேன். "அந்தச் சுரூபம் எங்க ஊரோடது. நான் வரலாற்றுப் பட்டதாரி."

"சந்தோஷம் டாக்டர். ஆனா மாணவர்களுக்குத்தான் பாதிக் கட்டணம்." காணிக்கையென்றால் பேராலயத்தில் கொடுக்கச் சொன்னாள்.

பத்தடி தள்ளிப் பேராலய வாசல். ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மெழுகுக் காலை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "இங்க அமாருவுக்குப் பீடம் இல்லையே. அந்தோணியார் இருக்காரு, அவர் காலடியில வெச்சிட்டுப் போங்க."

"அந்தோணியாரா என் எலும்பைச் சேத்து வெச்சாரு?" என்றாள் அத்தை.

திரும்பவும் அருங்காட்சியகம். பார்வையாளர்கள் பை வைக்கும் பெட்டகத்தில் வைக்கச் சொன்னார்கள். பாதம் உள்ளே போனால் முழங்கால் வெளியே நின்றது. கடைசியில் குடைகளுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு, பதினான்கு என்று பொறித்த பித்தளை டோக்கனைக் கொடுத்தார்கள்.

அமாரு மாடி அறையில், கயிற்றுக்கு அப்பால், வெள்ளைக் கட்டை ஒன்றின்மேல் நின்றார். கீழே அட்டை: 'துறவி. மரம், வண்ணப்பூச்சு. பதினாறாம் நூற்றாண்டு. எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.'

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரியலையா? ஏழு தடவை எழுதியிருக்கேன்!"

"மெதுவாப் பேசுங்க," என்றாள் காவலுக்கு நின்ற பெண்.

அத்தை அட்டையைப் பார்க்கவில்லை. "மூஞ்சியக் கழுவிட்டானுங்க," என்றாள். "மெழுகுவத்திப் புகை ஏறிக் கருத்திருந்தப்ப நம்ம ஆளா இருந்தாரு." சிலுவை போட்டுக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். பிறகு கூடிய காலை ஊன்றி, கயிற்றுக்கு மேலாகக் குனிந்து, டோக்கனை அமாருவின் காலடியில் வைத்தாள்.

"அம்மா! என்ன வெக்கிறீங்க?"

"அவரு சாமானுக்கு டோக்கன். அவரே எறங்கிப் போய் வாங்கிக்கட்டும்."

காவல் பெண் வாக்கி-டாக்கியில் யாரையோ கூப்பிடுவதற்குள் அத்தை படியில் பாதி இறங்கியிருந்தாள்.

ஒன்பதாம் நாள் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் கடிதம். 'மதிப்பிற்குரிய டாக்டர், தங்கள் ஊர்ப் பெண்மணி பதினான்காம் எண்ணில் விட்டுச்சென்ற காலை உடனடியாகப் பெற்றுக்கொள்ளவும்.' சுரூபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் பெயர், முகவரி, ஊர் எல்லாம் பிழையின்றி இருந்தன. அப்படியானால் என் கடிதங்களைப் படித்திருக்கிறார்கள்! படித்துவிட்டுத்தான் ஊர் தெரியவில்லை என்று அட்டை வைத்திருக்கிறார்கள்.

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். மாடம் துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"எழுதுடா டாக்டர். காலு அவரோடது, எனக்கு அதுல பாத்தியதை இல்ல. அவரு ஊருக்கு வர்றப்ப கையோட எடுத்துட்டு வரட்டும்னு எழுது."

ஒரு வார்த்தை மாற்றாமல் எட்டாவது கடிதமாக அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.