ஊற வைக்காத ஆறு உருண்டைகள்

திருவள்ளூர் மாஷ் கடை ஏகாம்பரம் இன்று காலை இறந்துவிட்டார். எண்பத்தாறு வயது. தூக்கத்திலேயே போய்விட்டாராம்...

ஊர் குரூப்பில் மாலை போட்ட போட்டோ சுற்றிக்கொண்டிருக்கிறது. "வாயில்லா ஜீவனுக்குச் சோறு போட்ட மகான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லோரும் லைக் போட்டிருக்கிறார்கள்.

நான் போடவில்லை. ஏன் என்று மூன்று பேர் மெசேஜில் கேட்டுவிட்டார்கள். அதனால் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு... எழுபதுகளில் திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்கள் வரிசையாக நிற்கும். அமாவாசை என்றால் கோயிலுக்கு வரும் கூட்டத்துக்கு அவையும் போதாது. அந்தக் குதிரைகளுக்குத் தீனி விற்றவர் ஏகாம்பரம்.

மெட்ராஸில் ரேஸ் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். மாஷ் என்ற வார்த்தையை அங்கிருந்துதான் கொண்டுவந்தார். பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து குதிரைமசால் புல்லை வரவழைத்து, காயவைத்து, பொடியாக நறுக்கி, தவிடும் கொள்ளு மாவும் வெல்லப் பாகும் சேர்த்துப் பிசைவார். அதுதான் மாஷ்.

கடை முழுக்க வெல்ல வாசனை அடிக்கும். நல்ல வாசனைதான்... அதை மறுக்கவில்லை.

என் அப்பா கன்னியப்பன் ஜட்கா ஓட்டினார். எங்கள் குதிரை பெயர் சிட்டு. மாஷை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற வைப்பது தினமும் என் வேலை.

நான் ஏழாவது படித்தபோது, ஒரு அமாவாசைக்கு முதல் நாள் கடைக்குப் போனேன். புதிதாக ஒன்று செய்து வைத்திருந்தார். அதே மாஷ்தான், ஆனால் உருண்டையாகப் பிடித்து வெயிலில் கல் மாதிரி காயவைத்தது.

"இத்த எவ்ளோ நேரம் ஊற வெக்கணும்?" நானாகத்தான் கேட்டேன்.

"ஊற வெக்க வாணாம் பாப்பா. அதுக்குத்தான உருண்டையே! வண்டிய அவுக்காமலே வாய்ல போட்டுனு போய்க்கினே இருக்கலாம். நாளைக்குக் கூட்டத்துல எவனுக்கு டைம் கீது?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு நாஷ்டா எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். நான்கைந்து சவாரி அடித்துவிட்டு சிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. ஆறு உருண்டை கொடுத்தேன்.

மிட்டாய் மாதிரி தின்றது. பிறகு அப்பா ஒரு வாளித் தண்ணீர் காட்டினார்.

அடுத்த சவாரிக்குள் சிட்டு தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. அவிழ்த்து விட்டதும் தரையில் விழுந்து புரண்டது. வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிட்டது.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து எண்ணெய் புகட்டினார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. காய்ந்த உருண்டை தண்ணீர் பட்டு உள்ளே ஊதினால், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது... விலங்கியல் எம்.எஸ்சி. படிக்கும்போதுதான் அது எனக்குத் தெரியவந்தது.

ஏகாம்பரமும் வந்தார். வண்டிக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

"இன்னா கன்னியப்பா, ஊற வெக்காம குட்த்தியா?"

"பாப்பாதான் குட்த்துச்சி. நீதான் ஊற வெக்க வாணாம்னு சொன்னியாமே மொதலாளி?" என்றார் அப்பா.

"நானா? எனக்கின்னா பைத்தியமா? ரேஸ் குதிரைக்கே மாஷ் ஊற வெச்சவன்யா நானு! நாலு மணி நேரம் ஊற வைன்னு சொல்லித்தான் அனுப்புனேன். சின்னப் பொண்ணு, ரேடியோ கேட்டுக்கினு மறந்துட்டிருக்கும். பாவம், அடிக்காத."

அடிக்காத... அந்த ஒரு வார்த்தையில் மொத்த ஸ்டாண்டும் அவர் பக்கம் போய்விட்டது.

"இல்ல நைனா, இவரு பொய் சொல்றாரு" என்று கத்தினேன். "பார்ரா, இன்னா வாய் இதுக்கு!" என்று ஒரு வண்டிக்காரர் சிரித்தார்.

மறு வாரம் கடையில் புது போர்டு. "உருண்டையை நான்கு மணி நேரம் ஊற வைத்துக் கொடுக்கவும்." பெயிண்ட் இன்னும் காயவில்லை. அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துச் சொன்னேன்.

"அதான... அவரு சொல்லிக்கினுதான் கீறாரு. நீதான் கவனிக்கல" என்றார்.

இன்னொரு குதிரை வாங்க வழியில்லை. பின்னால் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. இரண்டு ரயில் மாறிப் போய்வந்தார்.

சிட்டுவைச் சொல்லி அப்பா என்னை ஒருநாளும் திட்டியதில்லை. ஆனால் கடைசி வருடம் படுக்கையில் இருந்தபோது, நான் மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கேட்பார். "அட்டையில இன்னா போட்டுக்குதுன்னு நல்லா படிச்சியா பாப்பா?"

நான் அப்போது காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். கெஞ்சத்தான் போனேன். "அப்பா ரொம்ப நாள் இருக்க மாட்டாரு. ஒரு தடவ வந்து உண்மையச் சொல்லிட்டுப் போங்க."

குதிரையின் பெயரை நான் சொல்லவேயில்லை. அவரே சொன்னார்.

"சிட்டுதான? நெத்தியில வெள்ள இருக்கும்... நல்ல குதிர. இப்போ சொன்னா அது எய்ந்து வந்துருமா? ஊர்ல எனக்குன்னு ஒரு பேரு கீது பாப்பா. வுடு. டீ சாப்ட்டுப் போ."

டீ குடிக்கவில்லை. பதினைந்தாம் நாள் அப்பா போய்விட்டார். ஏகாம்பரம் வரவில்லை... மாலை மட்டும் அனுப்பியிருந்தார். பெரிய மாலை.

என் மாலை இன்று அவருக்குக் கிடையாது. குரூப்பில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

போய் வாருங்கள் ஏகாம்பரம். அங்கே என்று ஓர் இடம் இருப்பதாக நான் நம்பவில்லை.

இருந்தால், அப்பா அங்கேதான் இருப்பார். போர்டு எல்லாம் வேண்டாம்... அவருக்குப் படிக்கத் தெரியாது. வாயால் சொல்லுங்கள்.